ஆறாம் வாரத்துக் கேப்டன்: தூத்தூர் கரை மினி லீக்கில் எழுந்த புகாரும் ஆய்வும்

2024–25 இங்கிலாந்து பிரீமியர் லீக் கால்பந்துப் பருவத்தின் ஆறாவது கேம்வீக், அதாவது ஆறாவது சுற்று ஆட்டங்கள், செப்டம்பர் 28, சனிக்கிழமை தொடங்கியது. கடைசி ஆட்டமான போர்ன்மத் – சவுத்தாம்ப்டன் நம்ம ஊர் நேரப்படி திங்கள் நள்ளிரவு தாண்டித்தான் ஆரம்பித்தது. செவ்வாய் காலை போனஸ் புள்ளிகள் எல்லாம் ஏறிய பிறகு எங்கள் மினி லீக்கின் வாரப் பட்டியலைத் திறந்தவர்களுக்கு ஆச்சரியம். நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி கட்டி, அவர்கள் ஆடுவதைப் பொறுத்துப் புள்ளி எடுக்கும் ஃபேன்டசி விளையாட்டில் நாங்கள் ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் லீக் அது. அந்த வாரத்தில் அதிகப் புள்ளி எடுத்தவர் கரையிலேயே இல்லை. விசைப்படகில் ஆழ்கடல் தொழிலுக்குப் போய் மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவருடைய போன் அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றுதான் பதில் வரும்.

மத்தியானத்துக்குள் புகார் வந்துவிட்டது. "அண்ணே, அவரோட தம்பிதான் கரையில இருந்து டீமை மாத்தியிருக்கான். சிக்னலே இல்லாத ஆளு எப்படி பால்மரை கேப்டன் வைப்பாரு?" பால்மர் செல்சி கிளப்பின் நடுக்கள வீரர். புகார் சொன்னவர் அதுவரை ஒட்டுமொத்தப் பட்டியலில் முன்வரிசையில் இருந்தவர், விளையாட்டை நன்றாகத் தெரிந்தவர். வயிற்றெரிச்சலில் சொன்ன புகார் என்று அதைத் தள்ள முடியாது. ஒருவர் அணியை இன்னொருவர் நடத்தக்கூடாது என்பது பருவம் தொடங்கும் முன்பே நாங்கள் எல்லாரும் ஒத்துக்கொண்ட விதி. லீக்கை நடத்துபவன் என்ற முறையில் விசாரிக்க வேண்டியது என் பொறுப்பு. அந்த விசாரணையில் கிடைத்ததையும், அந்த வாரம் ஏன் அப்படிப் புரண்டது என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கரையும் லீக்கும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் கேரள எல்லையை ஒட்டிக் கிடக்கும் கரை எங்களுடையது. நீரோடிதான் தமிழ்நாட்டின் கடைசி ஊர். அதைத் தாண்டினால் பொழியூர், திருவனந்தபுரம் மாவட்டம். நீரோடியில் இருந்து கிழக்கே மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர் என்று ஊருக்கு ஊர் ஒட்டியே வரும். இந்த ஊர்களில் பந்து உதைக்காமல் வளர்ந்த பையனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், ஏடிகே மோகன் பகான் என்று ஆடியதை இங்கே சின்னப் பிள்ளைகளும் சொல்லும். எல்லைக்கு அந்தப் பக்கம் பொழியூரிலும் இதே கதைதான். மாநிலங்கள் மோதும் கால்பந்துப் போட்டியான சந்தோஷ் டிராபி பேச்சு எடுத்தால் இரண்டு கரையும் தங்கள் ஊர் ஆட்களை வரிசையாகச் சொல்லத் தொடங்கிவிடும்.

தொழில் என்றால் எங்களுக்கு ஆழ்கடல். சுறாவும் சூரையும் தேடி வாரக்கணக்கில் கடலிலேயே தங்கி வேலை செய்யும் படகுகள். பல படகுகள் தேங்காப்பட்டணத்தில் இருந்தும், இன்னும் பல கொச்சி தோப்பும்படியில் இருந்தும் கிளம்பும். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் தடைக்காலம். ஆகஸ்ட் பிறந்ததும் படகுகள் இறங்கும், அதே மாதம் பிரீமியர் லீக்கும் தொடங்கும். அதனால் தடைக்காலத்தில் எல்லாரும் உட்கார்ந்து பேசி ஆர்வமாக அணி கட்டுவார்கள். ஆட்டம் தொடங்கும்போது லீக்கில் பாதிப்பேர் கடலில் இருப்பார்கள்.

எங்கள் லீக்கில் 20 பேருக்கு மேல் இருக்கிறார்கள். ஐஸ் வியாபாரி, ஏலம் கூறுபவர், கல்லூரி மாணவர்கள், வளைகுடாவில் வேலை பார்க்கும் சிலர், பொழியூர்க்காரர்கள், அப்புறம் படகுக்குப் போகிறவர்கள். பணம் கட்டி ஆடுவது கிடையாது, கிடையவே கிடையாது. மாதக் கடைசியில் கீழே இருப்பவர் குருசடி பக்கத்துக் கடையில் எல்லாருக்கும் சாயா வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான்.

விளையாட்டின் கணக்கு தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 100 மில்லியன் பவுண்டு கற்பனைப் பணத்தில் 15 வீரர்களை வாங்க வேண்டும்: 2 கோல் கீப்பர், 5 பாதுகாப்பு, 5 நடுக்களம், 3 முன்களம். ஒரே கிளப்பில் இருந்து 3 பேருக்கு மேல் கூடாது. 60 நிமிடம் ஆடினால் 2 புள்ளி, அதற்குக் குறைந்தால் 1. முன்கள வீரர் கோல் அடித்தால் 4, நடுக்கள வீரர் அடித்தால் 5, பாதுகாப்பு வீரர் அடித்தால் 6. கோலுக்குப் பந்து கொடுத்த அசிஸ்டுக்கு 3. ஆட்டத்தில் சிறந்த மூவருக்கு 3, 2, 1 என்று போனஸ். சிவப்பு அட்டைக்கு 3 புள்ளி போகும். கேப்டனாக வைத்தவரின் புள்ளி இரட்டிப்பாகும். முதல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்னால் கெடு முடிந்துவிடும். ஆறாம் வாரத்தில் அது நம் நேரப்படி சனிக்கிழமை பிற்பகல் 3.30. அதற்குள் அணியைத் தொடாதவருக்குப் போன வாரத்து அணியும் கேப்டனும் அப்படியே தொடரும். இந்தக் கடைசி விதிதான் நம் வழக்கின் உயிர்.

வாரம் நடந்த விதம்

சனிக்கிழமை மாலை 5 மணி ஆட்டம் நியூகாசில் – மான்செஸ்டர் சிட்டி. எங்கள் லீக்கில் பெரும்பாலோருக்கு சிட்டியின் முன்கள வீரர் ஹாலண்ட்தான் கேப்டன். காரணம் எல்லாருக்கும் தெரியும்: முதல் 5 ஆட்டத்தில் 10 கோல். இப்ஸ்விச்சோடு 3, வெஸ்ட் ஹாமோடு 3, பிரென்ட்ஃபோர்டோடு 2, செல்சியோடும் அர்செனலோடும் ஒவ்வொன்று. 15 மில்லியன் கொடுத்து வாங்கியவரைக் கேப்டன் ஆக்காமல் விட யாருக்கு மனம் வரும்?

ஆனால் அர்செனல் ஆட்டத்தில் ரோட்ரிக்கு முழங்காலில் அடிபட்டு வெளியே போயிருந்தார். டி பிராய்னவும் இல்லை. சிட்டியின் நடுக்களம் பழைய நடுக்களம் இல்லை என்பதைப் பற்றி எங்களில் யாரும் அந்த வாரம் போதுமான அளவு பேசவில்லை. சிட்டிக்கு குவார்டியோல் ஒரு கோல் போட்டார். இரண்டாம் பாதியில் சிட்டி கீப்பர் எடர்சன் தடுத்து விழுத்தியதில் கிடைத்த பெனால்டியை நியூகாசிலின் கார்டன் போட்டு 1–1. ஹாலண்டுக்கு 90 நிமிடம் ஆடியதற்கான 2 புள்ளிதான், கேப்டனாக 4. லீக்கில் பாதிக்கு மேல் ஆட்களின் வாரம் மாலை 7 மணிக்கே சோர்ந்துபோனது.

7.30க்கு ஒரே நேரத்தில் ஐந்து ஆட்டம். எவெர்டன் – பேலஸ் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்ல வேண்டும். பிரென்ட்ஃபோர்டின் எம்பேமோ வெஸ்ட் ஹாமுக்கு எதிராக முதல் நிமிடத்திலேயே அடித்தார். பிரென்ட்ஃபோர்டு முதல் நிமிடத்தில் கோல் போடுவது தொடர்ந்து மூன்றாவது ஆட்டம், நம்பக் கஷ்டமான விஷயம். ஆனால் அந்த ஆட்டம் 1–1 என்றுதான் முடிந்தது. ஃபாரஸ்டை ஃபுல்ஹாம் ஹிமெனெஸின் பெனால்டியில் வென்றது.

அர்செனல் – லெஸ்டர் ஆட்டம் பல பேர் கணக்கைக் குழப்பியது. மார்ட்டினெல்லி, டிரோசார்ட் கோலில் இடைவேளைக்கு 2–0. கிளீன் ஷீட் (ஒரு கோலும் வாங்காமல் முடிப்பது) உறுதி என்று கீப்பர் ராயாவையும் அர்செனல் பாதுகாப்பு வீரர்களையும் வைத்தவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். இரண்டாம் பாதியில் லெஸ்டரின் ஜேம்ஸ் ஜஸ்டின் இரண்டு கோல் அடித்து 2–2 ஆக்கினார். பாதுகாப்பு வீரர் இரண்டு கோல் என்றால் அதற்கே 12 புள்ளி. எங்கள் லீக்கில் ஒருவர் அணியிலும் அவர் இல்லை. கூடுதல் நேரத்தில் டிரோசார்டின் அடி இண்டிடி மேல் பட்டு ஓன் கோலானது, அப்புறம் ஹாவெர்ட்ஸ் ஒன்று, 4–2. சாக்காவைக் கேப்டன் வைத்த இருவருக்குக் கடைசி வரை கோல் வரவில்லை.

இரவு 10 மணிக்கு உல்வ்ஸில் லிவர்பூல் 2–1. கொனாத்தே தலையால் ஒன்று, சலா பெனால்டியில் ஒன்று. சலாவைக் கேப்டன் வைத்தவர்களுக்கு போனஸை விட்டுக் கணக்குப் போட்டால் 7, இரட்டிப்பில் 14. மோசமில்லை.

ஞாயிற்றுக்கிழமை இப்ஸ்விச் – வில்லா 2–2. லியாம் டெலாப் இரண்டு கோல். விலை குறைந்த முன்கள வீரரை மூன்றாவது ஆளாக வைத்திருந்தவர்களுக்கு நல்ல பலன். இரவு ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டை டாட்டன்ஹாம் 3–0 என்று வென்றது. மூன்றாவது நிமிடத்தில் வான் டெ வென் தன் பாதியில் இருந்து பந்தோடு ஓடி வந்து கொடுத்ததை ஜான்சன் போட்டார். அந்த ஓட்டத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அசிஸ்டும் கிளீன் ஷீட்டும் சேர்ந்து போனஸுக்கு முன்பே வான் டெ வெனுக்கு 9. யுனைடெட்டின் புரூனோ பெர்னாண்டஸுக்கு முதல் பாதியிலேயே சிவப்பு அட்டை. அந்த அட்டைக்கான தடையைச் சில நாளில் மேல்முறையீட்டில் நீக்கினார்கள், ஆனால் அவரை நம்பி இருந்தவர்களின் அந்த ராத்திரி போனது போனதுதான்.

போர்ன்மத் 3, சவுத்தாம்ப்டன் 1. பட்டியலில் அது எதையும் பெரிதாக மாற்றவில்லை.

21 முதல் 41 வரை

அந்த வாரம் ஒரு மனிதனுடையது. ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் செல்சி – பிரைட்டன். 7வது நிமிடத்தில் ருட்டர் தலையால் அடித்து பிரைட்டன் முன்னிலை. 21வது நிமிடத்தில் ஜாக்சன் கொடுத்ததைப் பால்மர் போட்டு 1–1. 28இல் சான்சோவை விழுத்தியதில் பெனால்டி, அதுவும் பால்மர். 31இல் ஃப்ரீ கிக், வளைந்து உள்ளே போனது. நடுவில் செல்சி கீப்பர் சான்செஸ் நேராக எதிரணியின் காலிலேயே பந்தைக் கொடுத்து பாலேபா ஒன்று போட்டார், 3–2. 41இல் சான்சோ தள்ளிக் கொடுத்தது, பால்மரின் நான்காவது. பிரீமியர் லீக் வரலாற்றில் ஒரே ஆட்டத்தின் முதல் பாதியில் நான்கு கோல் அடித்த முதல் ஆள் அவர்தான். இவை போக ஆஃப்சைடாகப் போன கோல் ஒன்றும் உண்டு.

நாங்கள் சிலர் அதைக் கடையில் உட்கார்ந்து பார்த்தோம். நான்காவது கோலுக்குக் கடையில் இருந்த யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. செல்சி பிடிக்காதவர்களும் எழுந்து நின்றார்கள்.

ஏன் இப்படி நடந்தது? பிரைட்டனுக்கு அந்தப் பருவத்தில் புதுப் பயிற்சியாளர் ஃபாபியான் ஹூர்ட்சலர், அப்போது 31 வயதுதான். அவர் அணியின் பாதுகாப்பு வரிசை மைதானத்தின் நடுக்கோட்டை ஒட்டி மேலே ஏறி நிற்கும். எதிரணியைத் தன் பாதியிலேயே நெரித்துப் பந்தைப் பிடுங்கும் திட்டம் அது. பிடுங்க முடிந்தால் அழகு. பிடுங்க முடியாமல், ஒரு பாஸ் அந்த வரிசையைத் தாண்டிப் பின்னால் போனால், கீப்பருக்கும் வரிசைக்கும் நடுவில் முப்பது நாற்பது மீட்டர் வெறும் புல். ஜாக்சன் அந்த வரிசையை இழுத்து ஓடுகிறார், பால்மர் பின்னால் இருந்து தாமதமாக வருகிறார், அவரைப் பிடிக்க ஆளில்லை. முதல் பாதி முழுக்க இதே காட்சிதான் திரும்பத் திரும்ப நடந்தது. வரிசையைக் கீழே இறக்காமல் அதே இடத்தில் வைத்திருந்ததும் ஒரு காரணம். பிரைட்டன் மேலே ஏறி ஆடும் என்பது ஐந்து வாரமாகவே கண்ணுக்குத் தெரிந்த விஷயம். கேப்டனைத் தேர்ந்தெடுக்கும்போது போன வாரம் யார் எத்தனை கோல் அடித்தார் என்று பார்த்த அளவுக்கு, இந்த வாரம் யாருக்கு எதிரே எந்த மாதிரிப் பாதுகாப்பு நிற்கிறது என்று நாங்கள் பார்க்கவில்லை. என்னைக் கேட்டால் இந்த ஆய்வில் கிடைத்ததிலேயே பெரியது இதுதான்.

கணக்கு: நடுக்கள வீரர் என்பதால் நான்கு கோலுக்கு 20, ஆட்டத்துக்கு 2, போனஸ் 3. மொத்தம் 25. கேப்டனாக 50.

பால்மரும் ஹாலண்டும் அணியில் இருக்கும் இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பால்மரைக் கேப்டன் ஆக்கினார்: 50 கூட்டல் 2, ஆக 52. இன்னொருவர் ஹாலண்டை: 25 கூட்டல் 4, ஆக 29. மற்ற 13 பேரும் ஒரே ஆட்கள் என்றாலும் 23 புள்ளி இடைவெளி. பால்மரே இல்லாமல் ஹாலண்டைக் கேப்டன் வைத்தவருக்கு இந்தக் கணக்கில் வெறும் 4, பால்மர் இடத்தில் இருந்தவர் எடுத்த சொற்பம் தனி. எங்கள் பட்டியலில் மேலே இருந்த சிலர் ஒரே வாரத்தில் கீழே இறங்கியதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அவர்கள் மோசமான அணி கட்டவில்லை.

அணியைத் தொட்டது யார்?

இனி புகாருக்கு வருவோம். கடலில் இருப்பவரின் அணியைக் கரையில் யாரோ இயக்கினார்களா?

இந்த விளையாட்டில் ஒரு வசதி உண்டு. கெடு முடிந்த பிறகு யாருடைய அணியையும் எந்த வாரத்துக்கும் திறந்து பார்க்கலாம். யார் கேப்டன், யார் வைஸ் கேப்டன், பெஞ்சில், அதாவது ஆடும் பதினொருவர் போக மீதி நால்வரில், எந்த வரிசையில் யார், எல்லாம் தெரியும். டிரான்ஸ்பர், அதாவது ஒரு வீரரை விட்டு இன்னொருவரை எடுத்தது, செய்த வரலாறும் இருக்கும். நான் அவருடைய நான்காம், ஐந்தாம், ஆறாம் வாரங்களைத் திறந்து, புகார் சொன்னவரையும் தம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே பார்த்தேன்.

மூன்று வாரமும் ஒரே 15 பேர். ஒரே பதினொருவர், ஒரே பெஞ்ச் வரிசை. கேப்டன் மூன்று வாரமும் பால்மர், வைஸ் கேப்டன் மூன்று வாரமும் ஹாலண்ட். மூன்றாம் வாரத்துக்குப் பிறகு டிரான்ஸ்பர் ஒன்றுகூட இல்லை.

அதைவிட உறுதியான சான்று அணிக்குள்ளேயே இருந்தது: மார்ட்டின் ஓடேகார்ட். அர்செனல் கேப்டனுக்கு செப்டம்பர் 9 அன்று நார்வேக்காக ஆடும்போது கணுக்காலில் அடிபட்டது. சர்வதேச ஆட்டங்களுக்கான இடைவேளை அது. உலகம் முழுக்க அவரை அணியில் இருந்து தூக்கிக்கொண்டிருந்தார்கள். இவருடைய அணியில் மட்டும் நான்காம், ஐந்தாம், ஆறாம் வாரம் மூன்றிலும் ஓடேகார்ட் முதல் பதினொருவரில் அசையாமல் இருக்கிறார். படகு கிளம்பியது அந்த அடிக்குச் சில நாள் முன்பு. கரையில் இருந்து ஒருவர் அணியை நடத்தியிருந்தால், பால்மருக்குக் கேப்டன் பட்டை கொடுக்கும் அளவுக்கு யோசித்திருந்தால், ஒரு மாதம் ஆட முடியாத ஆளை முதல் வரிசையில் விட்டு வைப்பாரா? இலவச டிரான்ஸ்பர் கையில் இருந்தும்?

புகார் சொன்னவர் திரையை இன்னொரு முறை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "சரி மக்கா, யாரும் தொடல. ஆனா ஓடேகார்ட் இல்லாமயே எப்படி இவ்வளவு வந்துச்சு?" என்றார்.

நல்ல கேள்வி. பதில் எவெர்டனில் இருந்தது. முதல் பதினொருவரில் ஒருவர் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை என்றால், பெஞ்சில் இருப்பவர் வரிசைப்படி தானாக உள்ளே வருவார். 3 பாதுகாப்பு, 1 முன்களம் என்ற குறைந்தபட்ச அமைப்பு மட்டும் கெடக்கூடாது. இவர் பெஞ்சில் முதல் ஆளாக வைத்திருந்தது எவெர்டனின் டுவைட் மெக்நீல். எவெர்டன் அந்தப் பருவத்தின் முதல் நான்கு ஆட்டத்தையும் தோற்ற அணி, ஐந்தாவது டிரா. அந்த அணியின் ஆளைப் பெஞ்சில் வைத்தால் யாரும் எதுவும் எதிர்பார்க்க மாட்டார்கள். நான்காம் வாரம் மெக்நீல் வில்லாவில் ஒரு கோல் அடித்தார். ஆறாம் வாரம் பேலஸ் முதலில் கோல் போட்ட பிறகு, இரண்டாம் பாதியில் மெக்நீல் இரண்டு அடித்து எவெர்டனுக்கு முதல் வெற்றி, 2–1. ஓடேகார்டின் காலி இடத்தில் வந்தவர் போனஸ் சேராமலே 12 கொண்டுவந்தார்.

ஆக, கரையில் யாரும் தொடவில்லை. புகார் தள்ளுபடி. தம்பி அதற்குள் அழும் நிலைக்கு வந்துவிட்டான். புகார் சொன்னவரே அவனுக்குச் சாயா வாங்கிக் கொடுத்தது எனக்குப் பிடித்தது.

பால்மரை ஏன் வைத்தார்?

இத்தோடு விட்டால் "அதிர்ஷ்டம்" என்று சொல்லி மூடிவிடலாம். படகு அக்டோபர் இடைவேளையில் தோப்பும்படிக்கு வந்த பிறகு அவரிடமே கேட்டேன். அவருக்கு ஆறாம் வாரம் என்ன நடந்தது என்றே கரைக்கு வந்துதான் தெரியும். சொன்ன விளக்கம் என்னை உட்கார வைத்தது.

அவர் பார்த்த விஷயம் இது. ஒரு மாதம் தன்னால் எதையும் மாற்ற முடியாது. அப்படியானால் கேப்டனாக வேண்டியது ஒவ்வொரு வாரமும் முழு நேரம் ஆடும் ஆள், பெனால்டியும் ஃப்ரீ கிக்கும் எடுக்கும் ஆள். அந்த செப்டம்பரில் செல்சி தன் கான்ஃபரன்ஸ் லீக் பட்டியலில் பால்மரைச் சேர்க்கவில்லை. ஃபோஃபானா, லாவியாவும் அதில் இல்லை. அதாவது வார நடுவில் ஐரோப்பிய ஆட்டம் அவருக்குக் கிடையாது, லீக்குக்குத் தெம்போடு வருவார். ஹாலண்டுக்கோ சாம்பியன்ஸ் லீக் இருக்கிறது. கேப்டன் ஆடவே இல்லை என்றால் வைஸ் கேப்டனுக்கு இரட்டிப்பு போகும். ஆனால் ஓய்வு கொடுத்துக் கடைசிப் பத்து நிமிடம் இறக்கிவிட்டால், அந்த ஒற்றைப் புள்ளிதான் இரட்டிப்பாகும், வைஸ் கேப்டன் உதவிக்கு வர முடியாது. கரையில் இருப்பவர் வெள்ளிக்கிழமை செய்தியாளர் சந்திப்பைக் கேட்டு மாற்றிக்கொள்வார். கடலில் இருப்பவரால் முடியாது. "நமக்குத் திரும்பிப் பாக்க முடியாதுல்லா, அப்ப கவலை இல்லாத ஆளத்தான வைக்கணும்" என்றார்.

இதைக் கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அவர் முடிவு நல்ல முடிவு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் பயந்தது நடக்கவில்லை. ஹாலண்டுக்கு லீக்கில் ஓய்வு கொடுக்கவில்லை, நியூகாசிலில் முழு நேரமும் ஆடினார். நான்காம் வாரம் பிரென்ட்ஃபோர்டுக்கு எதிராக இரண்டு கோலும் அடித்தார், அதே வாரம் போர்ன்மத்தில் செல்சி 1–0 என்று வென்றபோது பால்மருக்குக் கோல் இல்லை. அந்த வாரம் இவர் பட்டியலில் இறங்கினார், யாரும் கவனிக்கவில்லை. ஐந்தாம் வாரம் இருவருக்கும் ஒவ்வொரு கோல். ஆறாம் வாரத்தின் 50 புள்ளி வந்தது ஐரோப்பிய ஓய்வால் அல்ல, பிரைட்டனின் உயர்ந்த வரிசையால். பெனால்டியும் ஃப்ரீ கிக்கும் பால்மருடையது என்ற காரணம் மட்டும் நேராகப் பலித்தது, நான்கில் இரண்டு கோல் அப்படி வந்தவை. சரியான யோசனைக்குப் பலன் கிடைத்தது, ஆனால் பலனில் பாதி அந்த யோசனையில் இல்லாத ஒன்றால் வந்தது. லீக்கில் சிலர் இதற்குப் பிறகு "ஒரு மாதம் தொடாமல் விடுவதே நல்லது" என்று பேசத் தொடங்கினார்கள். அது தவறு. அடிபட்ட ஓடேகார்டின் இடத்தை ஒவ்வொரு வாரமும் மெக்நீல் நிரப்ப மாட்டார். ஐந்தாம் வாரம் லெஸ்டரில் எவெர்டன் 1–1 எடுத்தபோது அந்தக் கோல் இன்டியாயேயுடையது, மெக்நீலுடையது அல்ல.

கரையில் இருந்து ஹாலண்டை வைத்தவர்களையும் குறை சொல்ல மாட்டேன். ஐந்து ஆட்டத்தில் 10 கோல் அடித்தவரை வைப்பது முட்டாள்தனம் இல்லை. எதிரே நியூகாசில், ஆட்டம் அவர்கள் சொந்த மைதானத்தில், சிட்டிக்கு ரோட்ரி இல்லை என்ற மூன்றையும் சேர்த்து எடை போட்டிருக்கலாம் என்பதுதான் என் கருத்து. எல்லாரும் ஒரே ஆளைக் கேப்டன் வைக்கும்போது அவர் கோல் அடித்தாலும் யாரும் முன்னே போவதில்லை. அடிக்காதபோது வேறு ஆளை வைத்த ஒருவர் மட்டும் தனியாகப் பறந்துபோகிறார். முன்வரிசையில் இருப்பவர் கூட்டத்தோடு போவது நியாயம், தன் இடத்தைக் காத்துக்கொள்கிறார். நடுவிலும் கீழேயும் இருப்பவர்கள் ஏன் கூட்டத்தோடு போனார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்காதது. அவர்களுக்கு இழக்க என்ன இருந்தது?

ஏழாம் வாரமும் அதற்குப் பிறகும்

அடுத்த வாரம் கூட்டம் அப்படியே பால்மர் பக்கம் திரும்பியது. ஹாலண்டை விட்டவர்கள் எல்லாரும் பட்டையை அவருக்குக் கொடுத்தார்கள். செல்சி – ஃபாரஸ்ட் 1–1, செல்சியின் கோல் மடுவேகேயுடையது. சிட்டி ஃபுல்ஹாமை 3–2 என்று வென்றது, அதில் ஹாலண்டுக்கும் கோல் இல்லை, கோவாசிச் இரண்டு, டோக்கு ஒன்று. எட்டாம் வாரமும் இருவருக்கும் கோல் வரவில்லை. ஒன்பதாம் வாரத்தில்தான் இருவரும் திரும்ப அடித்தார்கள், ஹாலண்ட் சவுத்தாம்ப்டனோடும் பால்மர் நியூகாசிலோடும். பிரைட்டன் வரிசையை இறக்கவில்லை, ஏழாம் வாரம் டாட்டன்ஹாமிடம் 0–2 என்று பின்தங்கி 3–2 என்று வென்றது. அந்தத் திட்டத்துக்கு இரண்டு முகமும் உண்டு, செல்சி ஆட்டத்தில் ஒன்றை மட்டும்தான் பார்த்தோம்.

பருவம் முழுதும் பார்த்தால் அது சலாவின் ஆண்டு. 29 கோல், 18 அசிஸ்ட், 344 ஃபேன்டசி புள்ளி. 2017–18இல் அவரே எடுத்த 303 என்ற சாதனையை அவரே உடைத்தார். பால்மர் ஜனவரிக்குப் பிறகு பல வாரம் கோலே இல்லாமல் திணறினார், பருவத்தை 15 கோலோடு முடித்தார். ஆறாம் வாரத்தைப் பார்த்து அவரைப் பருவம் முழுக்கக் கேப்டனாகவே வைத்த ஒருவர் எங்கள் லீக்கில் உண்டு, அவர் எங்கே முடித்தார் என்று எழுதி அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

புகாருக்குப் பிறகு விதியைப் பற்றிப் பேச்சு எழுந்தது. கடலுக்குப் போகிறவர்களின் அணியை வீட்டில் ஒருவர் பார்த்துக்கொள்ள அனுமதிக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. கரையில் இருப்பவருக்கு வாரா வாரம் வாய்ப்பு, கடலில் இருப்பவருக்கு மாதம் ஒரு முறை. ஆனால் படகுக்குப் போகிறவர்களிடம் கேட்டபோது அவர்கள் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. தாங்கள் கட்டிய அணி தங்கள் கையாலேயே நல்லதோ கெட்டதோ காண வேண்டும் என்றார்கள். அந்தப் பருவத்தில் வந்த புது விதியும் அவர்களுக்குச் சாதகம்: முன்பு இரண்டு வரை சேர்க்க முடிந்த இலவச டிரான்ஸ்பரை 2024–25 முதல் ஐந்து வரை சேர்த்து வைக்கலாம். நான்காம் வாரத்தில் ஒன்றோடு கடலுக்குப் போனவர், தொடாமல் விட்டால் எட்டாம் வாரத்துக்கு ஐந்தோடு திரும்புவார். அதனால் விதியை மாற்றவில்லை. ஒன்றை மட்டும் சேர்த்தோம்: யார் அணி மேல் யார் சந்தேகப்பட்டாலும், டிரான்ஸ்பர் வரலாற்றையும் கேப்டன் பட்டியலையும் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்த பிறகுதான் பேச வேண்டும்.

எட்டாம் வாரக் கெடுவுக்கு முன்னால் அவர் தோப்பும்படியில் இருந்து பஸ் ஏறி ஊருக்கு வந்து சேர்ந்தார். ஐந்து டிரான்ஸ்பரில் முதலாவதை ஓடேகார்டை எடுக்கப் பயன்படுத்தினார். மெக்நீலைப் பெஞ்சில் இருந்து பதினொருவருக்குள் கொண்டுவந்தார். கேப்டனை மாற்றவில்லை, அந்த வாரக் கடைசியில் அடுத்த படகு இருந்தது.